எரிமலைப் பாறையும் எரிவாயுவின் வயதும்

மும்பையில் மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் இன்று பல வீடுகளின் சமையலறைக்குக் குழாய் வழியாகவே எரிவாயு வந்து சேருகிறது. அவ்வாயுவில் ஒரு பகுதி, நகரத்துக்கு மேற்கே அரபிக் கடலின் அடியிலுள்ள பாறைகளிலிருந்து எடுக்கப்பட்டு, துறைமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள உரணில் கரையேறுவதாகும். செம்பூரை அடுத்த டிராம்பேயில் இரசாயன உரம் தயாரிப்பதற்கும் இயற்கை வாயுவே மூலப்பொருளாகிறது. இதனை வகுப்பில் விளக்கும் ஆசிரியரிடம், "இந்த வாயு எத்தனை ஆண்டுகளுக்கு முன் உண்டாயிற்று? அதை எப்படிக் கணக்கிட்டார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டுவிடலாம். முதற் கேள்விக்குப் "பல கோடி ஆண்டுகள்" என்று விடை கூறித் தப்பிவிடலாம். இரண்டாவது கேள்வியிலிருந்து அவ்வளவு எளிதில் தப்ப இயலாது.

வாயுவை ஒரு குடுவையில் பிடித்து அதன் வயதைக் கூறும் எளிய முறை ஏதுமில்லை. அது தங்கியிருக்கும் பாறையின் வயது, அது பிறந்த பாறையின் வயது, இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக உள்ள பாறையின் வயது ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிந்த பின்னரே அதன் வரலாற்றை உய்த்துணர முடியும். மும்பைக் கடலைப் பொறுத்தவரை அவ்வடித்தளம் பெரும்பாலும் எரிமலைப் பாறையாக அமைந்திருப்பது ஆராய்ச்சியாளருக்கு வாய்த்த நற்பேறு. எரிமலைப் பாறை தான் இறுகிய காலத்தைத் தன்னுள்ளேயே குறித்து வைத்துக் கொள்கிறது. ஆனால் அக்குறிப்பைத் தவறாகப் படிப்பதும் மிக எளிது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அத்தகைய தவறுகளைப் பற்றியதே.

நகரத்தின் கீழுள்ள தளம்

தக்காணப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் எரிமலைக் குழம்பு நிலப் பிளவுகளின் வழியே வெளிப்போந்து, அடுக்கின்மேல் அடுக்காகப் பரவி இறுகியது. இன்று எஞ்சியுள்ள பரப்பே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டராகும். மலைச்சரிவுகளில் இவ்வடுக்குகள் படிக்கட்டுகளைப் போலத் தோன்றுவதால், படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்லைக் கொண்டு இவற்றுக்குத் தக்காண டிராப் என்று பெயரிட்டனர். எண்ணெய்த் துறையினர் வாயு தேங்கி நிற்கும் பாறை அமைப்பையும் டிராப் என்றே வழங்குவர். அது பொறி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல். ஒரே அறிக்கையில் இரு பொருளிலும் அச்சொல் வருவதுண்டாகையால் வாசிப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

மும்பைத் தீவில் இரண்டு குன்று வரிசைகள் உள்ளன. மேற்கே மலபார் குன்றும் வொர்லியும், கிழக்கே சிவ்ரி, ஆன்டாப் ஹில், சயான் ஆகியவையும் இவ்வரிசைகளில் அடங்கும். கிழக்கு வரிசையில் எரிமலை உமிழ்ந்த சாம்பலும் உடைகற்களும் சேர்ந்து இறுகிய பாறைகளைக் காணலாம். செம்பூருக்குத் தென்கிழக்கே டிராம்பே மலை ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. தாராவியோ மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலத்தின் மேல் எழுந்த குடியிருப்பு. ஆயினும் அச்சேற்றுக்கு அடியிலும் இதே எரிமலைப் பாறைதான் உள்ளது. தாராவி வழியாகச் செல்லும் நிலத்தடி மெட்ரோ இரயில் பாதைக்குச் சுரங்கம் குடைந்தபோது, எந்திரங்கள் பசால்ட்டையும் இறுகிய எரிமலைச் சாம்பற் பாறையையும் அறுத்துக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது.

சகியாத்திரி மலையின் உச்சிப் பகுதியில் ஏறக்குறையக் கிடையாகக் கிடக்கும் இவ்வடுக்குகள், பன்வேலை ஒட்டிய பகுதியில் மேற்கு நோக்கி வளைந்து சாய்கின்றன. மும்பையின் பாறைகளும் அவ்வாறே கடலை நோக்கிச் சாய்ந்துள்ளன. சாய்ந்து எங்கே செல்கின்றன? கடலுக்கடியில் சென்று, அங்குள்ள படிவுகளுக்குத் தளமாகின்றன. 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்னும் துளையிடு கலம், நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் எண்ணெயைக் கண்டது. அப்பகுதியே பம்பாய் ஹை என்று பெயர் பெற்றது. 1976இல் வசாய்க் கடலில் பெரிய வாயு வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வயலின் வாயு முதன்மையாகக் குஜராத்திலுள்ள ஹசீராவில் கரையேறுகிறது. இக்கடற் பகுதியில் ஆழமாகத் துளையிட்ட கிணறுகள் பலவற்றின் அடியில், சுண்ணாம்புக் கல்லையும் களிப்பாறையையும் தாண்டியபின், மும்பையில் நாம் காணும் அதே கரிய பாறை வந்தது. சில இடங்களில் அதற்குப் பதிலாக மிகப் பழைய கருங்கற் பாறையும் வந்தது.

கடிகாரம் ஓடத் தொடங்கும் கணம்

படிவுப் பாறையின் வயதை நேரே கணிப்பது ஏன் கடினம் என்பதற்குக் காவிரி மணலை எடுத்துக் கொள்வோம். திருச்சியில் ஒரு துகளைப் பொறுக்கி அதன் வயதைக் கணித்தால், மேற்கே எந்த மலைப் பாறையிலிருந்து அது உதிர்ந்ததோ அப்பாறையின் வயதே கிடைக்கும். அம்மணல் திருச்சிக்கு வந்து படிந்த நாள் கிடைக்காது. களிமண், மணல், சரளை எல்லாம் இத்தகையனவே; பழம் பாறைகளின் பிறப்புக் குறிப்பைச் சுமந்துகொண்டு புதிய இடத்தில் வந்து படிகின்றன.

எரிமலைக் குழம்பின் நிலை வேறு. பொட்டாசியம் என்னும் தனிமம் பெரும்பாலான பாறைகளில் உண்டு. அதன் அணுக்களில் பதினாயிரத்துக்கு ஒன்றைவிடச் சற்று மிகுதியானவை பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க வகையைச் சேர்ந்தவை. இவ்வகை 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும். சிதையும் அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 ஆர்கான் வாயுவாகவும் ஏனையவை கால்சியமாகவும் மாறும். பாறை உருகிய நிலையில் இருக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறி விடுகிறது. இறுகிய பின் உண்டாகும் ஆர்கான் படிகங்களுக்குள் சிறைப்பட்டு விடுகிறது. ஆகவே ஆர்கான் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று அளந்தால், பாறை இறுகி எவ்வளவு காலமாயிற்று என்பது தெரிந்துவிடும். பிற்காலத்தில் இம்முறை திருத்தப்பட்டு, அணு உலையில் வைத்த மாதிரியைப் படிப்படியாகச் சூடேற்றி, இரண்டு வகை ஆர்கானை ஒப்பிடும் ஆர்கான்–ஆர்கான் முறையாக வளர்ந்தது. இதில் ஆர்கான் ஒழுகிப்போன மாதிரியையும் கலப்புள்ள மாதிரியையும் ஓரளவுக்கு அடையாளம் காணலாம்.

இம்முறைகளின்படி மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருவாரியான குழம்பு அடுக்குகள் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளை ஒட்டி வெளிவந்தவை. மும்பைப் பகுதியின் சில பாறைகள் அவற்றுக்குப் பிற்பட்டவை. அந்தேரியில் தூண் தூணாக நிற்கும் கில்பர்ட் குன்றுக்கும், மனோரிப் பக்கத்துப் பாறைகளுக்கும் 6 கோடியே 5 இலட்சம் முதல் 6 கோடியே 25 இலட்சம் ஆண்டுகள் வரை கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே, டிராப் என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் எல்லாத் தளமும் ஒரே வயதுடையது என்று கொள்ளலாகாது.

தளம் சொல்வதும் சொல்லாததும்

எரிமலைத் தளத்தின் வயது தெரிந்துவிட்டால், அதன்மேற் படிந்த படிவுகளின் வயதும் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது முதல் தவறு. தாராவியையே சான்றாகக் கொள்வோம். அங்கே சில ஆயிரம் ஆண்டுகளே ஆன கழிமுகச் சேறு, 6 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறையின்மீது நேராகப் படிந்துள்ளது. இடைப்பட்ட காலத்தின் ஏடுகள் அவ்விடத்தில் கிழிந்து போயின. தளத்தைக் கொண்டு சேற்றின் வயதைக் கூறுபவர் 6 கோடி ஆண்டு பிழை செய்தவராவார். தளம் உறுதியாகச் சொல்வது ஒன்றே: "என்மேல் உள்ளது என்னைவிட மூத்ததன்று."

வாயு வயலிலும் இதே நிலைதான். எரிமலைத் தளத்தின்மேல் முதலில் பன்னா எனப் பெயரிட்ட படிவுத் தொகுதி வருகிறது. களிப்பாறை, மணற்பாறை, நிலக்கரிக் கீற்றுகள் முதலியன கொண்ட இத்தொகுதியே இக்கடலின் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் முதன்மையான பிறப்பிடம் எனக் கருதப்படுகிறது. அதன் அடிப்பகுதியில், தளப் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து உருண்டு சேர்ந்த குப்பையும் உண்டு. கண்ணுக்கு அது எரிமலைப் பாறையாகவே தோன்றும்; வயதைக் கணித்தாலும் எரிமலையின் வயதே வரும். ஆனால் அது படிந்த காலமோ பிற்பட்டது. காவிரி மணலுக்குக் கூறியது இதற்கும் பொருந்தும். துளையிடும்போது மேலே வரும் சிறு சிறு துண்டுகளைக் கொண்டு இது உண்மையான குழம்பு அடுக்கா, உருண்டு வந்த குப்பையா என்று பிரித்தறிவது, களத்தில் நிற்கும் நிலவியலாரின் பொறுப்பு. அவர் ஏமாந்தால் ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த கருவி அத்தவற்றை மிக நுட்பமாகத் தசமப் புள்ளி வரை எழுதித் தரும்.

மேல் எல்லையைக் காட்டுவது உயிர்ச் சுவடுகள். வசாய் வயலில் வாயு தங்கியுள்ள சுண்ணாம்புக் கல், நாணயம் போன்ற வடிவமுடைய நுமுலைட்டு என்னும் ஒற்றைச் செல் உயிரின் ஓடுகள் பெருகியிருந்த இயோசீன் காலத்தைச் சேர்ந்தது. எகிப்தியப் பிரமிடுகளின் கற்களிலும் இவ்வகை ஓடுகள் உண்டு. பழங்காலக் கிரேக்க அறிஞர் ஸ்திராபோ அங்கே பருப்பைப் போன்ற கல் துணுக்குகளைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். இவ்வுயிரின் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன. ஆதலால் ஓடு எந்த இனத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தால் காலமும் தெரியும். ஆனால் அந்த இனத்துக்கு இத்தனை கோடி ஆண்டு என்று எண் கொடுத்தது யார்? உலகில் வேறெங்கோ அதே காலத்து அடுக்குகளுக்கிடையே சிக்கிய எரிமலைச் சாம்பலே பெரும்பாலும் அந்த எண்ணைக் கொடுத்தது. உயிர்ச் சுவடு ஒழுங்கைக் காட்டும். எரிமலை எண்ணைக் காட்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். வாயு உண்டாவது வெப்பத்தால். களிப்பாறையிலுள்ள தாவர, விலங்குப் பொருள்கள் ஆழத்தில் புதையுண்டு போதிய அளவு சூடேறும்போதுதான் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன. ஒவ்வோர் அடுக்கின் வயதும் கனமும் தெரிந்தால், பன்னாக் களிப்பாறை எந்தக் காலத்தில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எப்போது சூடேறியது என்பதைக் கணக்கிடலாம். அதற்கு முன்பே மேலுள்ள சுண்ணாம்புக் கல் வளைந்து மூடியிட்டிருந்தால் வாயு தங்கியிருக்கும். பின்னர் வளைந்திருந்தால் வாயு எப்போதோ வெளியேறிப் போயிருக்கும். வயதில் நேரும் பிழை, வெறுங் கிணற்றுக்குப் பெரும் பொருளைச் செலவிடச் செய்துவிடும்.

குழம்பு அடுக்குகளுக்கு நடுவே

ஒரு குழம்பு அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எரிமலை ஓய்ந்திருந்த காலங்கள் உண்டு. அக்காலங்களில் ஏரிகள் தேங்கின. செடிகளும் சிற்றுயிர்களும் வாழ்ந்தன. வொர்லியிலும் மலபார் குன்றிலும் அத்தகைய நன்னீர்ப் படிவுகள் குழம்பு அடுக்குகளுக்கிடையே கிடைத்தன. அவற்றில் கிடைத்த சிறு தவளையின் எலும்புகளை 1847இல் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் விவரித்தார். இன்று அது இந்தோபத்ராக்கஸ் என்னும் பெயரால் அறியப்படுகிறது. தவளைக்கு மேலும் கீழும் எரிமலைப் பாறை இருப்பதால், அதன் காலத்தை இருபுறமும் கட்டி நிறுத்த முடிகிறது. அடித்தளம் மட்டும் உள்ள வாயு வயலைவிட, தளமும் கூரையும் வாய்த்த இத்தவளை அதிருஷ்டசாலி எனலாம்.

சகியாத்திரியில் அடுக்குகளுக்கிடையே சிவந்த மண் போன்ற கீற்றுகள் காணப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் தொலைவிலிருந்து வந்து விழுந்த எரிமலைச் சாம்பலும் கலந்திருந்தது. அச்சாம்பலில் சிர்க்கான் என்னும் நுண்படிகங்கள் இருந்தன. சிர்க்கான் யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை விலக்கும். ஆதலால் பின்னர் அதில் காணும் ஈயம் யுரேனியச் சிதைவால் வந்ததே என்று கொள்ளலாம். 2015இல் ஓர் ஆய்வுக் குழு இம்முறையால் கணித்து, முதன்மையான வெடிப்புகள் ஏறத்தாழ 7½ இலட்சம் ஆண்டுகளுக்குள் முடிந்தன என்றும், டைனோசார்கள் அழிந்த கால எல்லைக்கு ஏறத்தாழ 2½ இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை தொடங்கின என்றும் வெளியிட்டது. 2019இல் யுரேனிய முறையினரும் ஆர்கான் முறையினரும் ஒரே இதழில் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். பெரும் வெடிப்பு அவ்வெல்லைக்குச் சற்று முன் நிகழ்ந்தது என்றனர் ஒரு சாரார். குழம்பின் பெரும்பகுதி எல்லைக்குப் பின்னரே வெளிவந்தது என்றனர் மறுசாரார். இரண்டு சிறந்த கடிகாரங்கள் நாளைப் பற்றி இணங்கினாலும், நாழிகையைப் பற்றி இன்னும் வாதிட்டுக் கொண்டிருக்கின்றன.

நுரைக்கல்லும் சாம்பலும்

எரிமலைப் பொருள்களில் நுரைக்கல் எல்லோரும் அறிந்தது. குதிகாலைத் தேய்க்கப் பயன்படுத்தும் இலேசான, துளைகள் நிறைந்த கல் அது. வாயு நிறைந்த குழம்பு வெடித்துப் பொங்கும்போது நுரை அப்படியே இறுகிக் கண்ணாடிக் கல்லாகிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கப்படுவது கணவாய் மீனின் உள் ஓடு. அதற்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. மாணவர் சேகரித்து வரும் மாதிரிகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதுண்டு. கணவாய் ஓட்டை நகத்தால் கீறலாம். அமிலம் பட்டால் பொங்கும். நுரைக்கல்லுக்கு இவ்விரு குணமும் இல்லை.

நுரைக்கல் நீரில் மிதக்கும். காலக் கணிப்புக்கு அதுவே அதன் குறை. 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தபோது கடலில் விழுந்த நுரைக்கற்கள் திரள் திரளாக மிதந்து, இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடைந்தன. ஓராண்டு தாமதம் நிலவியலாருக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் கரையில் ஒதுங்கிய நுரைக்கல்லை அடுத்த நூற்றாண்டின் புயல் மீண்டும் எடுத்துச் சென்று வேறு மணலில் புதைக்கக்கூடும். நுண்ணிய சாம்பலோ காற்றில் பறந்து, சில நாள் அல்லது சில வாரங்களில் பரந்த நிலப்பரப்பின்மேல் ஒரே சமயத்தில் விழுந்துவிடுகிறது. அமைதியான ஏரியிலோ ஆழ்கடலிலோ விழுந்தால் அப்படியே அடுக்காக நிலைத்துவிடும். ஒரு கணக்கைப் பார்ப்போம்: கடலடிச் சேற்றில் 7.4 மீட்டர் ஆழத்தில் 74,000 ஆண்டு வயதுள்ள சாம்பல் அடுக்கு ஒன்று உள்ளது என்று கொண்டால், நூறாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் சேறு படிந்துள்ளது என்று கண்டுகொள்ளலாம். இக்கணக்கு, நடுவில் எந்த அடுக்கும் அரித்துச் செல்லப்படவில்லை என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பது என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் நலம்.

இந்தியாவில் இத்தகைய பெரிய அளவுகோலைத் தந்தது சுமத்திராவிலுள்ள டோபா எரிமலை. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அதன் பெருவெடிப்பின் சாம்பல் இந்தியத் தீபகற்பத்திலும், வங்கக் கடலிலும், அரபிக் கடலின் அடிச்சேற்றிலும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் டோபா ஒரே முறை வெடித்ததன்று. ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னும், 8 இலட்சம் ஆண்டுகளை ஒட்டியும் வெடித்துள்ளது. அவற்றின் கண்ணாடித் துகள்கள் இரசாயனச் சேர்க்கையில் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கின்றன. இங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

போரி கிராமத்துச் சாம்பல்

மும்பையிலிருந்து கிழக்கே மலையேறிச் சென்றால் புணே மாவட்டத்தில் குக்டி ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள போரி என்னும் கிராமத்தில், ஆற்றுப் படிவுகளுக்கிடையே வெண்சாம்பல் அடுக்கு ஒன்று 1980களில் ஆராய்ச்சிக்கு வந்தது. அதனோடு சேர்ந்த படிவுகளில் கைக்கோடரி முதலிய பழங்கற்காலக் கருவிகள் கிடைத்தன. சாம்பலின் வயது தெரிந்தால், தக்காணத்தில் மனிதன் வாழ்ந்த காலமே தெரிந்துவிடும் அல்லவா?

முதலில் பொட்டாசியம்–ஆர்கான் முறையால் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டனர். 1995இல் ஆர்கான்–ஆர்கான் முறையினர் 6 இலட்சத்து 70 ஆயிரம் என்றனர். அதே 1995இல் கண்ணாடித் துகள்களின் இரசாயனச் சேர்க்கையை ஆராய்ந்த வேறொரு குழுவினர், இது 74,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கடைசி டோபா சாம்பலே என்றனர். 1998இல் வெளியான ஆய்வு அதனை வலியுறுத்தியது. 2011இல் வேறு சிலர் படிவுகளின் அமைப்பை மீண்டும் பரிசீலித்து, போரிச் சாம்பல் ஏறத்தாழ 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய வெடிப்பினது என்று வாதித்தனர். ஒரே கிராமம், ஒரே வெண்மண். விடைகளிடையே ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாடு.

இத்தகைய குழப்பத்துக்குக் கருவியின் பழுது காரணமாயிருக்க வேண்டுவதில்லை. எளிய கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். 74,000 ஆண்டு வயதுள்ள சாம்பலில் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு வயதுள்ள தக்காணப் பாறைத் துகள் கலந்துவிட்டதாகக் கொள்வோம். இரண்டிலும் பொட்டாசியம் ஒரே அளவு என்று வைத்துக் கொண்டால், நூற்றுக்கு 2 பங்கு கலப்பே மொத்த வயதை 14 இலட்சம் ஆண்டுகளாக உயர்த்திவிடப் போதுமானது. உண்மையில் பசால்ட்டில் பொட்டாசியம் மிகக் குறைவு. ஆகவே அதைவிடப் பல மடங்கு மிகுதியான கலப்பு வேண்டும். போரியில் நிகழ்ந்தது இதுதான் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. தக்காணத்து ஆறுகளெல்லாம் அப்பழம் பாறையை அரித்துக்கொண்டே ஓடுவன என்பதையும், ஆற்றங்கரைச் சாம்பலில் அதன் துகள் இல்லாமலிருப்பதே அரிது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆறு ஒரு முறை விழுந்த சாம்பலைப் பின்னர் அள்ளிச் சென்று வேறிடத்தில் குவிக்கும். ஆந்திரப் பிரதேசத்தில் கர்நூல் பகுதியிலுள்ள ஜ்வாலாபுரத்தில் டோபா சாம்பல் சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையது. ஆனால் வானிலிருந்து நேரே விழுந்தது அடியிலுள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே என்று கருதப்படுகிறது. எஞ்சியது சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மழை கழுவிக்கொண்டு வந்து சேர்த்தது. அவ்வடிக் கீற்றுக்குக் கீழேயுள்ள கருவி வெடிப்புக்கு முந்தியது என்று கூறலாம். மேலுள்ள பெருங் குவியலுக்குள் கிடைக்கும் கருவியைப் பற்றி அவ்வாறு ஒன்றும் கூற இயலாது.

தமிழ்நாட்டில் அத்திரம்பாக்கத்தின் பழங்கற்காலக் கருவிகளுக்கு எரிமலைச் சாம்பல் துணை செய்யவில்லை. அங்கே விண்வெளிக் கதிர்களால் கல்லில் உண்டாகும் அரிய அணுக்களையும், படிவுகளின் காந்தத் திசையையும் கொண்டு கணித்து, குறைந்தது 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டனர். ஆகவே போரிக் கருவிகள் மிகப் பழமையானவையாக இருத்தல் இயலாததன்று. அப்பழமையை அங்குள்ள வெண்சாம்பல் தாங்கி நிற்குமா என்பதே வினா.

சாம்பலுக்குள்ளேயே வாயு

நிற்க. வாயுவும் எரிமலைச் சாம்பலும் ஒரே இடத்தில் கூடியிருப்பதையும் நம் கடலில் கண்டிருக்கிறார்கள். 2006 ஏப்ரல் இறுதியில் மும்பையிலிருந்து புறப்பட்ட ஜாய்டஸ் ரெசொல்யூஷன் என்னும் ஆராய்ச்சிக் கப்பல், ஆகஸ்டு வரை இந்தியக் கடல்களில் 21 இடங்களில் துளையிட்டது. நீருடன் உறைந்து பனிக்கட்டி போலாகிய மீதேன் வாயுவைத் தேடியே அப்பயணம். அந்தமான் கடலில் ஓரிடத்தில் கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் ஆழம் வரை அவ்வுறைந்த வாயு நிலைத்திருக்கக் கூடிய சூழல் காணப்பட்டது. அங்கே வாயு எரிமலைச் சாம்பல் கீற்றுகளோடு சேர்ந்திருந்தது. சுற்றியுள்ள நுண்களியைவிடச் சாம்பலில் இடைவெளிகள் பெரியனவாதலால் அது வாயுவுக்கு இடங்கொடுத்தது. காலத்தைக் காட்டும் அடுக்கே களஞ்சியமாகவும் அமைந்த இடம் அது.

அதே கடலில் பாரன் தீவு எரிமலைக்குத் தென்கிழக்கே எடுக்கப்பட்ட ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள சேற்றுத் தண்டில் ஏழு சாம்பல் அடுக்குகள் இருந்தன. ஆமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் அவற்றை ஆராய்ந்தனர். இங்கே முறை தலைகீழாயிற்று. சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளின் வயதைக் கதிரியக்கக் கார்பனால் கணித்து, அதைக்கொண்டு எரிமலையின் 72,000 ஆண்டு வெடிப்பு வரலாற்றை எழுதினர். எது தெளிவாகப் படிக்கத் தகுந்ததோ அதைக் கொண்டு மற்றதைப் படிப்பதே வழக்கம்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

வெண்மையான நுண்மண் அடுக்கெல்லாம் எரிமலைச் சாம்பல் அன்று. ஆற்றங்கரைகளில் காணும் வெள்ளைக் கீற்று பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவாக இருக்கும். நீர்த்த அமிலத் துளி பட்டால் பொங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். செம்பூர், டிராம்பே போன்ற தொழிற் பகுதிகளில் அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணில் கலந்திருக்கக்கூடும். இதனைப் பிரித்தறிய அமிலம் உதவாது. பள்ளியிலுள்ள சாதாரண நுண்பெருக்கியே போதும். நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் சிறு மணிகளைப் போல் உருண்டையாயிருக்கும். எரிமலைக் கண்ணாடித் துகள்களோ, உடைந்த மின்விளக்குக் குமிழின் சில்லுகளைப் போல வளைந்து, கூர்முனைகளோடு இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்களை வரையச் செய்தால் ஒருபோதும் மறவார்கள்.

அடுக்கின் அடி எல்லையை முதலில் பாருங்கள். கத்தியால் அறுத்தாற்போல் தெளிவாக இருந்தால் சாம்பல் நேரே விழுந்ததாக இருக்கலாம். கூழாங்கல்லும் களிமண் உருண்டையும் கலந்து, சாய்ந்த கோடுகள் ஓடினால் ஆறு கொணர்ந்து சேர்த்தது என்று ஐயுறல் வேண்டும். மாதிரியை அடியிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் தனியாகவும், நடுவிலும் மேலும் தனித்தனியாகவும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டால் பின்னர் எந்த ஆய்வுக்கூடமும் அவற்றைப் பிரித்துத் தர இயலாது. சாம்பலுக்கு உடனடியாகக் கீழும் மேலும் உள்ள மண்ணிலும் ஒவ்வொரு பிடி தேவை. பலர் இதை மறந்து, மீண்டும் அதே இடத்துக்குச் சென்றபோது மணல் வாரியோர் கரையையே அகற்றியிருக்கக் கண்டனர்.

மும்பையில் இவ்வவசரம் இன்னும் மிகுதி. வொர்லியிலும் மலபார் குன்றிலும் தவளைப் படிவு வெளித்தெரிந்த இடங்கள் பெரும்பாலும் கட்டடங்களுக்கு அடியில் மறைந்துவிட்டன. சயானிலோ ஆன்டாப் ஹில்லிலோ புதிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது, பாறையின் வெட்டுமுகம் சில வாரங்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பின்னர் காங்கிரீட்டு அதனை மூடிவிடும். அவ்வாரங்களில் அனுமதி பெற்று ஓர் ஆசிரியர் அங்கே செல்வாராயின், ஓர் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து, அடுக்குகளின் சாய்வு எத்திசையில் உள்ளது என்பதையும், சிவந்த கீற்றோ நுண்மண் கீற்றோ இடையில் உண்டா என்பதையும் குறித்து வைக்கலாம். உடைத்தெடுக்கும் ஒவ்வொரு துண்டின் மேலும், அது பாறையில் இருந்தபடி மேற்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியை, துண்டைப் பெயர்ப்பதற்கு முன்பே மையால் வரைந்துவிட வேண்டும்.